வயலை விற்று ஆட்டோ வாங்கலாமா?

மேலகரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒன்றரை ஏக்கர் நஞ்சை. கார், பிசானம் இரண்டு பூவிலும் மனைவி அறுப்புக்குப் போய்க் கொத்து நெல் கொண்டுவருவார். அறுவடை மிஷின் வந்தபின் அது நின்றுபோனது. அரை ஏக்கரை விற்று ஆட்டோ வாங்கி, குற்றாலத்தில் ஓட்டலாம் என்கிறாராம் பிளஸ் டூ முடித்த மகன். செய்யலாமா என்று கேட்கிறார்.

பத்துப் பதினைந்து பேர் ஒரு நாள் அறுத்த ஏக்கரை மிஷின் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிக்கிறது. சூடடிப்பும் தூற்றலும் அதிலேயே அடக்கம். அந்த வேலை இனித் திரும்பாது.

ஆனால் போன வேலையும் வருகிற வேலையும் ஒரே மாதத்தில் இல்லை. அறுப்பு புரட்டாசியிலும் மாசி, பங்குனியிலும். குற்றாலச் சீசன் ஆனி முதல் ஆவணி வரை. பிறகு ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழி. சீசன் சூடு பிடிக்கும்போதுதான் கார் நடவுக்கும் வீட்டில் ஆள் வேண்டும். சாரல் ஏமாற்றினால் கூட்டம் இல்லை. தண்ணீர் மிஞ்சினாலும் இல்லை. 2024 மே 17-ல் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் இறந்ததும் குளிக்கத் தடை வந்தது. 2020-ல் கொரோனாவால் மாதக்கணக்கில் தடை. சவாரி இல்லாவிட்டாலும் இன்சூரன்ஸும் எப்.சி.யும் கட்டியே ஆகவேண்டும்.

நிலத்தை விற்க வேண்டாம். மகன் ஒரு சீசன் வாடகை ஆட்டோ ஓட்டிப் பார்க்கட்டும். வரவையும் டீசல் செலவையும் தினமும் நோட்டில் எழுதட்டும்.

பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் இருக்கிறது. அதன் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. எல்லாருக்கும் இடம் கிடைக்காது, எழுதிப் பார்ப்பதில் நஷ்டமும் இல்லை.

மிஷினைச் சுற்றியும் வேலை இருக்கிறது. அது சிதறவிட்டுப் போகும் வைக்கோலைக் கட்டித்தர ஆள் தேடி மாடு வைத்திருப்பவர்கள் அலைகிறார்கள். டிரைவர், மெக்கானிக் வேலையும் உண்டு.

மனைவிக்குத்தான் வழி குறைவு. அரசின் ஊரக வேலைத் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும், மேலகரம் பேரூராட்சி. இப்போதைக்கு நடவும் களையெடுப்பும்தான். கருவி வாங்கும் எண்ணம் இருந்தால் அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் பொதுவாக 40 சதவீத மானியம். பெண்களுக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கும் 50. தென்காசி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போகுமுன், தாலுகா அலுவலகத்தில் சிறு, குறு விவசாயி சான்று வாங்கிக்கொள்வது நல்லது.