செடிக்குத் தெரியுமா தொட்டியின் விலை?



உங்களிடம் ஒரு கேள்வி. தான் முளைப்பது கடையில் வாங்கிய பூந்தொட்டியிலா, காலி எண்ணெய் டப்பாவிலா என்று வெந்தய விதைக்குத் தெரியுமா? தெரியாது! அதற்கு வேண்டியது மண், ஈரம், காற்று, வெளிச்சம். தொட்டியின் விலை நமக்கு மட்டும்தான் தெரிகிறது.

இந்தப் பாடத்தை நான் பயிற்சிப் பள்ளியில் படிக்கவில்லை. என் மாணவன் ஒருவன்தான் கற்றுக் கொடுத்தான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். "திங்கட்கிழமை ஆளுக்கொரு தொட்டிச் செடி கொண்டு வாருங்கள், வகுப்பு ஜன்னலில் வைப்போம்" என்று சொல்லி அனுப்பினேன். வண்ண வண்ணத் தொட்டிகள் வந்தன. ஒரு பையன் மட்டும் கொட்டாங்குச்சியில் புதினா நட்டுக் கொண்டு வந்திருந்தான். வகுப்பே சிரித்தது. நான் அவர்களை அதட்டியிருக்க வேண்டும். ஆனால், "தொட்டி என்றுதானே சொன்னேன்?" என்று அவனிடமே கேட்டேன். அவன் பதில் பேசாமல், அதை வராந்தா ஓரத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஜன்னல் செடிகளுக்கு ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு மாதத்துக்குள் பல செடிகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. எடுத்துப் பார்த்தால் வேர் அழுகியிருந்தது. அந்த அழகான தொட்டிகளின் அடியில் ஓட்டையே இல்லை! வராந்தாவில் இருந்த புதினாவோ தழைத்திருந்தது. தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மட்டும் மெல்லியது அல்லவா? அந்தக் கண்ணை அவன் ஆணியால் குத்தித் திறந்திருந்தான்.

அந்தக் கொட்டாங்குச்சியை நானே எடுத்து வந்து ஜன்னலின் நடுவில் வைத்தேன். "அன்றைக்கு சார் சொன்னது தப்புப்பா" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் இன்னும் இரண்டு கொட்டாங்குச்சிகள் கொண்டு வந்தான்!

அன்று முதல் என் கருத்து இதுதான்: தொட்டி வாங்கினால்தான் செடி வளர்க்கலாம் என்று எந்தக் குழந்தையிடமும் சொல்லக்கூடாது.

நம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை உள்ளது. ஆனாலும் எண்ணெய் டப்பா, தண்ணீர் பாட்டில், பால் கவர் எல்லாம் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. குப்பைக்குப் போகும் முன் அவற்றைக் கொஞ்ச காலம் செடிக்குக் கொடுத்தால் என்ன?

பால் கவரைக் கழுவி, கீழே இரண்டு மூலைகளிலும் துளையிட்டால் நாற்றுப் பை தயார். பாட்டிலைக் குறுக்கே வெட்டினால் அடிப்பாதியில் கொத்தமல்லி விதைக்கலாம். ஒழுகும் மண்பானை கிடைத்தால் விடாதீர்கள். அதன் நுண்துளைகள் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால், வேர் இருக்கும் மண் குளுமையாக இருக்கும். பழைய செய்தித்தாளை டம்ளரில் சுற்றிக் கிண்ணம் போலச் செய்து விதை ஊன்றலாம். நாற்று வளர்ந்ததும் தாளோடு அப்படியே பெரிய டப்பாவில் இறக்கிவிடலாம். தாள் மண்ணில் மட்கிவிடும்.

மூன்று விஷயங்களை மட்டும் மறக்காதீர்கள். ஒன்று, அடியில் ஓட்டை வேண்டும். வேரும் மூச்சு விடுகிறது. தண்ணீர் தேங்கினால் அதற்குக் காற்று கிடைக்காது. ஓட்டை போடுவதையும் பாட்டில் வெட்டுவதையும் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். ஓட்டையின் மேல் கொஞ்சம் தேங்காய் நார் வைத்தால் மண் ஒழுகாது. இரண்டு, வெளிச்சம். ஜன்னல் ஓரம் வையுங்கள். செடி வெளிச்சம் வரும் பக்கம் வளையும். தினமும் டப்பாவைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் நேராக வளரும். மூன்று, அடியில் வைக்கும் தட்டு. அதில் தண்ணீர் நின்றால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். அந்தத் தண்ணீரை அவ்வப்போது கொட்டி, வாரம் ஒருமுறையாவது தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.

பூச்சிமருந்து டப்பா, பெயின்ட் டப்பா ஆகியவற்றை மட்டும் தொடவே கூடாது. எவ்வளவு கழுவினாலும் விஷம் ஒட்டியிருக்கலாம். நாம் சாப்பிடும் கீரை அதில் வளரலாமா?

"வீடே குப்பைக்காடாகிவிடும்" என்று அம்மா சொல்வார். அதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் பத்து டப்பாவைச் சேர்க்காதீர்கள். ஒன்றே ஒன்றில் தொடங்குங்கள். சுத்தமாகக் கழுவி, வெளியே வண்ணத்தாள் ஒட்டுங்கள். அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு ஸ்பூன் வெந்தயம் வாங்கி, இரவு ஊறவைத்து விதையுங்கள். சில நாட்களில் முளைக்கும். மூன்று, நான்கு வாரங்களில் கீரை கிள்ளலாம். அந்தக் கீரை சாம்பாரில் மிதக்கும்போது அம்மா டப்பாவைத் தூக்கி எறியமாட்டார்!

தொட்டியே வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. காசு இருப்பவர்கள் குயவரிடம் மண்தொட்டி வாங்கினால், ஒரு தொழிலும் வாழும். ஆனால் காசு இல்லாத குழந்தை, செடி வளர்க்கும் சந்தோஷத்தை இழக்கக்கூடாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. "தொட்டி கொண்டு வா" என்று சொல்லாதீர்கள். "செடி கொண்டு வா" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லில் ஒரு குழந்தையின் மானம் இருக்கிறது.

குட்டீஸ், உங்கள் வகுப்பில் யாராவது கொட்டாங்குச்சியில் செடி கொண்டு வந்தால் சிரிக்காதீர்கள். எப்படிச் செய்தாய் என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். செய்வீர்கள்தானே?