அரை விநாடி தாமதம் காட்டிக்கொடுத்த சதி: இலவச மென்பொருளைப் பராமரிப்பது யார்?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், குத்தம்பாக்கம் பக்கம் பைக்கை ஓரங்கட்டி ஒரு டீ. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டதும், கடையில் இருக்கும் ஸ்பீக்கர் பாக்ஸ் 'பதினைந்து ரூபாய் பெறப்பட்டது' என்கிறது. அவ்ளோதான், வேலை முடிந்தது.

ஆனால் அந்தச் சில விநாடிகளில், உங்கள் போனுக்கும் வங்கிக்கும் நடுவில் போகும் தகவலை யாரும் படிக்க முடியாதபடி ஒரு மென்பொருள் பூட்டுப் போட்டு அனுப்புகிறது. இதுபோன்ற பூட்டுகளில் பல, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகள். விலை கிடையாது. அப்படியென்றால், அதில் ஓட்டை விழுந்தால் அடைப்பது யார்?

லைப்ரரி என்றால் என்ன?

ஒவ்வொரு ஆப்பும் பாதுகாப்புக்கான கோடை முதலிலிருந்து எழுதுவதில்லை. ஏற்கெனவே எழுதி, பலர் சோதித்த ஒரு தொகுப்பை எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். அதுதான் லைப்ரரி. லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இருப்பது ஓபன்எஸ்எஸ்எல். ஆண்ட்ராய்டு போனில் இருப்பது போரிங்எஸ்எஸ்எல். 2014-ல் ஓபன்எஸ்எஸ்எல்-லிலிருந்து கூகுள் பிரித்தெடுத்த கிளை அது. ஆக, டீக்கடை வாசலில் நிற்கும்போதும் அந்தக் குடும்பம் உங்கள் பாக்கெட்டில்தான் இருக்கிறது.

2014: ஒரே ஒரு சரிபார்ப்பு விட்டுப்போனது

கூகுள் கிளை பிரித்த அதே 2014-ல், ஏப்ரல் 7-ம் தேதி 'ஹார்ட்ப்ளீட்' என்ற ஓட்டை வெளியே வந்தது. விஷயம் எளிமையானது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கணினி இன்னொன்றிடம் 'இந்த ஐந்து எழுத்துகளைத் திருப்பி அனுப்பு' என்று கேட்கும். ஐந்து எழுத்தை மட்டும் கொடுத்துவிட்டு, '64,000 எழுத்து கொடுத்தேன், திருப்பிக் கொடு' என்று யாராவது பொய் சொன்னால்? கொடுத்தது எவ்வளவு என்று ஓபன்எஸ்எஸ்எல் சரிபார்க்கவில்லை. பக்கத்து நினைவகத்தில் கிடந்த பாஸ்வேர்டு, ரகசிய சாவி என எது இருந்தாலும் சேர்த்து அள்ளிக்கொடுத்தது.

2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலேயே இந்தப் பிழை இருந்தது. இரண்டு ஆண்டுகள் அது பொதுவெளிக்குத் தெரியவில்லை. கனடாவின் வருமான வரித் துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருடப்பட்டன.

அதிர்ச்சி அதற்குப் பிறகுதான். உலகமே நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒருவரே. ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர்.

2024: நட்பாக வந்த ஆபத்து

ஹார்ட்ப்ளீட் கவனக்குறைவு. பத்து ஆண்டுகள் கழித்து வந்தது திட்டமிட்ட சதி.

எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்பது ஃபைல்களைச் சுருக்கும் சின்னத் தொகுப்பு. ஃபின்லாந்தின் லாஸ்ஸே காலின் அதைச் சம்பளமில்லாமல் பராமரித்துவந்தார். 2021-ல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவ வந்தார். 2022-ல், 'ஜிகர் குமார்' உள்ளிட்ட பெயர்களில் சிலர், 'ஏன் இவ்வளவு தாமதம்? வேறு ஆளிடம் கொடுங்கள்' என்று காலினை நெருக்கினார்கள். மனநலச் சிக்கல்களால் முன்போல நேரம் கொடுக்க முடியவில்லை, இது ஊதியமில்லாத வேலை என்று அவரும் வெளிப்படையாகவே எழுதினார். கடைசியில் ஜியா டானுக்கும் பராமரிப்புப் பொறுப்பு கிடைத்தது. இவை எல்லாமே போலிப் பெயர்கள் என்பதுதான் ஆய்வாளர்களின் பரவலான கணிப்பு.

2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியப் பின்வாசல் இருந்தது. ரகசிய சாவி வைத்திருப்பவர் எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வருக்குள் புகுந்து தன் கட்டளைகளை ஓடவிடலாம். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் வேறு ஏதோ சோதனையில் இருந்தபோது, லாகின் சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். 'ஏன்?' என்று தோண்டினார். மார்ச் 29 அன்று உலகை எச்சரித்தார்.

நமக்கு இதில் என்ன?

பின்வாசல் குறிவைத்த லினக்ஸ் வகைகளில் டெபியனும் ஒன்று. இந்தியாவின் 'பாஸ்' லினக்ஸ் அந்த டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலும் வந்தது. நல்லவேளையாக, பின்வாசல் டெபியனின் சோதனைக் கிளைகளைத் தாண்டி நிலையான பதிப்புக்குள் போகவில்லை. இன்னும் சில மாதங்கள் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால், கதை வேறு.

ஓட்டை அடைபடுவது எப்படி?

முதலில் பராமரிப்பாளருக்கு ரகசியமாகத் தகவல் போகும். அவர் திருத்தம் எழுதுவார். டெபியன், ரெட் ஹேட் போன்றவை அதைத் தங்கள் பதிப்புகளில் சேர்க்கும். பிறகு ஒவ்வொரு நிறுவனத்தின் சர்வரிலும் யாராவது அப்டேட் செய்து, அந்த லைப்ரரியைப் பயன்படுத்தும் சேவைகளை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சங்கிலியில் கடைசிக் கண்ணி நம் அலுவலகம்தான். ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 பதிப்புக்கான இலவசத் திருத்தங்கள் 2023 செப்டம்பரோடு நின்றுவிட்டன. அதையே இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் சர்வருக்கு, அந்தத் திட்டத்திலிருந்து இலவசத் திருத்தம் வந்து சேராது.

பணம் வருகிறதா?

ஹார்ட்ப்ளீட்டுக்குப் பிறகு கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் உள்ளிட்டவை லினக்ஸ் ஃபவுண்டேஷன் மூலம் நிதி திரட்டின. ஓபன்எஸ்எஸ்எல்-லுக்கு முழுநேர ஆட்கள் கிடைத்தார்கள். ஜெர்மனி அரசு 2022-ல் இதற்கென ஒரு நிதியம் தொடங்கியது. இந்தியாவில், பெங்களூருவின் ஜெரோதா 2024 அக்டோபரில் 'ஃப்ளாஸ் ஃபண்ட்' அறிவித்தது: ஆண்டுக்கு 10 லட்சம் டாலர்.

இது நமக்குப் புது யோசனையும் இல்லை. ஏரிப் பாசன ஊர்களில் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் பாய்ச்சுகிறவர்களே சேர்ந்து தூர்வாருவார்கள், கரையைப் பலப்படுத்துவார்கள். ஏரி எல்லோருக்கும் பொது என்பதால் வேலையும் எல்லோருக்கும் பொது. ஓப்பன் சோர்ஸில் நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• போன் செட்டிங்ஸில் செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். பல மாதப் பழசு என்றால் உடனே அப்டேட் செய்யுங்கள்.

• ஐடியில் இருந்தால், உங்கள் ப்ராஜெக்ட் எந்தெந்த லைப்ரரிகளை நம்பியிருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். அதில் ஒரே ஆள் பராமரிப்பது எத்தனை என்று பாருங்கள்.

• பிழை கண்டால், அதை எப்படித் திரும்ப வரவைப்பது என்ற விவரத்தோடு புகார் கொடுங்கள். பாதுகாப்பு ஓட்டை என்றால் பொதுவில் போடாமல் பராமரிப்பாளருக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

• நிறுவனத்தின் சிஎஸ்ஆர் அல்லது டெக் பட்ஜெட்டில் இதற்கு இடம் கேளுங்கள்.

• 'எப்போ முடிப்பீங்க?' என்று பராமரிப்பாளரை விரட்டாதீர்கள். எக்ஸ்இசட்டில் சதிகாரர்கள் பிடித்த ஆயுதமே அந்தக் கேள்விதான்.