மரக்குதிரைகளுக்கு விடைகொடுத்தவர்கள்

சிரித்து மகிழ்வதற்கென்றே அமைந்த ஓரிடத்தில் மக்கள் கண்கலங்கி நின்றார்கள் என்றால், கேட்பவர்களுக்குச் சற்று வியப்பாகத்தான் இருக்கும். ஜப்பான் நாட்டுத் தலைநகராகிய தோக்கியோவில், 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் அவ்வாறு நிகழ்ந்தது. அந்நகரின் நெரிமா வட்டாரத்தில் 1926-இல் திறக்கப்பட்டு, 94 ஆண்டுகள் நடைபெற்றுவந்த தோஷிமாயென் என்னும் கேளிக்கைப் பூங்கா அன்றோடு மூடப்பட்டது. முன்னொரு காலத்தில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கு நுழைந்தவர்கள், இப்போது தம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இறுதியாக ஒருமுறை பார்க்க வந்திருந்தார்கள்.

'இராட்டினம் நின்றுபோனதற்கா இத்தனை கலக்கம்? காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, ஏறி இறங்கிவிட்டு வரும் இடந்தானே?' என்று நம்முள் சிலர் கேட்கக்கூடும். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பூங்கா ஒரு இரயில்வே நிறுவனத்தாருடையது, இலாபத்துக்காக நடத்தப்பட்டது. அதனை நடத்தியவர்களுக்கு நகைச்சுவையும் மிகுதி. 1990-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று, வரலாற்றிலேயே மிக மட்டமான கேளிக்கைப் பூங்கா தங்களுடையதே என்று செய்தித்தாளில் தாங்களே விளம்பரம் செய்துகொண்டவர்கள் அவர்கள்! ஊரார் அதைப் படித்துச் சிரித்தார்கள். அன்றைய விளம்பரத்தை இன்றும் நினைவுகூர்வோர் உண்டு.

ஆயினும், ஒரு குடும்பம் ஆண்டுதோறும் ஒரே இடத்துக்கு விடுமுறைக்குச் செல்லத் தொடங்கிவிட்டால், அந்த இடம் நடத்துகிறவர்களின் கணக்குப் புத்தகத்துக்குள் மட்டும் அடங்கி இருப்பதில்லை. தோஷிமாயெனில் ஆண்டுச் சந்தா செலுத்துவோருக்கென ஓர் உறுப்பினர் அமைப்பு இருந்தது. அதற்கு அவர்கள் இட்டிருந்த பெயர் 'மரக்குதிரைச் சங்கம்' என்று பொருள்படும். எவ்வளவு அழகான பெயர்! கோடையில் நீச்சற்குளத்துக்கும், மற்றக் காலங்களில் இராட்டினங்களுக்கும் என்று உறுப்பினர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். எந்த மூலையில் நிழல் இருக்கும், எந்தக் கடையில் கூட்டம் குறைவு, பிள்ளை எத்தனை வயதில் எந்த வண்டியில் முதன்முதலாகத் துணிந்து ஏறினான் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஒரே நாளில், ஒரே வரிசையில், ஆண்டாண்டாகச் சந்தித்துக்கொள்ளும் குடும்பங்களிடையே ஒரு பழக்கம் வளர்ந்துவிடுகிறது. அவர்கள் உறவினரும் அல்லர், அண்டை வீட்டாரும் அல்லர். அவர்களைச் சேர்த்துவைத்தது அந்த இடம் ஒன்றே. இடம் போய்விட்டால் அப்பழக்கத்துக்கு வேறு முகவரி கிடையாது.

அச்சங்கத்துக்குப் பெயர் தந்த மரக்குதிரைகளின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 'எல் டொராடோ' என்று பெயர் பெற்ற அந்தக் குடை இராட்டினத்தை ஜெர்மனியில் 1907-இல் ஹியூகோ ஹாஸே என்பவர் அமைத்தார். மரத்தில் செதுக்கிய குதிரைகளும், பன்றிகளும், தேர்களும் கொண்டது அது. ஒன்றையொன்று சூழ்ந்த மூன்று வட்ட மேடைகள் வெவ்வேறு வேகத்தில் சுழலும். ஐரோப்பாவில் சில ஆண்டுகள் இருந்தபின், 1911-இல் அது கடல் கடந்து அமெரிக்கா சென்று, நியூயார்க் நகரின் கோனி ஐலண்டில் ஸ்டீபிள்சேஸ் என்னும் பூங்காவில் இடம்பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே சுழன்றது. 1964-இல் அந்தப் பூங்கா மூடப்படவே, குதிரைகள் கிடங்குக்குச் சென்றன. 1969-இல் தோஷிமாயென் நிறுவனத்தார் அதை விலைக்கு வாங்கி, மீண்டும் கடல் கடத்திக் கொண்டுவந்தார்கள். பழுதுபார்த்துப் பொருத்துவதற்கு நாள் பிடித்தது. 1971-இல்தான் ஜப்பானியக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அது சுழலத் தொடங்கிற்று. 2010-இல் அந்நாட்டு இயந்திரப் பொறியாளர் சங்கம் அதைப் பாதுகாக்கத்தக்க இயந்திரச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இரண்டு உலகப்போர்களையும் மூன்று கண்டங்களையும் கண்ட மரக்குதிரைகள் அவை.

பூங்காவை மூடுவதற்குக் காரணமும் இழிவானதன்று. பேரிடர்க் காலத்தில் மக்கள் ஒதுங்கி நிற்பதற்குத் திறந்தவெளி வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்துக்குப்பின் தோக்கியோ அரசு முனைந்தது. அந்நிலத்தின் பெரும்பகுதியைப் பொதுப் பூங்காவாக்கத் திட்டமிட்டது. எஞ்சிய பகுதியில் ஆங்கிலச் சிறுவர் கதையான ஹாரி பாட்டர் திரைப்படங்களின் காட்சிக்கூடம் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது. இவற்றைக் குறைகூற நமக்கு ஒன்றுமில்லை. நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. 2020 ஜூன் 12-ஆம் நாளன்று, 'ஆகஸ்டு 31-இல் மூடப்போகிறோம்' என்று நிறுவனத்தார் வெளிப்படையாக அறிவித்தார்கள். இடையில் 80 நாள்கள். கொள்ளைநோய் பரவியிருந்த ஆண்டாகையால் கூட்டத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. வர விரும்பிய அனைவராலும் வந்துவிட முடியவில்லை. என்றாலும், எந்த நாள் கடைசி நாள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இது பெரிய செய்தியா என்று கேட்பவர்கள் அமெரிக்காவில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை எண்ணிப்பார்க்கட்டும்.

சிக்காகோ நகரில் ரிவர்வியூ என்றொரு பூங்கா 1904-இல் தொடங்கிற்று. தொழிலாளர் குடும்பங்கள் குறைந்த செலவில் ஒரு நாளைக் கழிப்பதற்கு ஏற்ற இடம். 1967-ஆம் ஆண்டுக் கோடைப் பருவம் வழக்கம்போல் முடிந்தது. மக்கள் வழக்கம்போல் 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்று வீடு திரும்பினார்கள். அதற்குப் பின்னரே, நிலம் விற்கப்பட்டுவிட்டது, பூங்கா இனித் திறக்கப்படாது என்ற செய்தி வெளிவந்தது. அடுத்த ஆண்டு என்பதே இல்லாமற் போயிற்று.

அது அந்தக் காலம் என்று விட்டுவிடலாமா? நாற்பது ஆண்டுகள் கழித்து ஒஹையோ மாநிலத்தில் அதுவே மறுபடியும் நடந்தது. அரோரா என்னும் ஊரின் அருகே ஜியாகா ஏரிக்கரையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மக்கள் கூடி மகிழ்ந்த ஒரு பூங்கா இருந்தது. மரச்சட்டங்களின்மேல் ஏறியும் சரிந்தும் ஓடும் 'பிக் டிப்பர்' என்னும் ரோலர் கோஸ்டர் 1925-இல் அங்கு கட்டப்பட்டது. பாட்டனாரும் பேரனும் ஒரே இருக்கையில் அமர்ந்து ஒரே இடத்தில் கூச்சலிட்ட வண்டி அது. பல கைகள் மாறி, 2004-இல் ஸீடர் ஃபேர் என்னும் நிறுவனம் 14.5 கோடி டாலருக்கு அந்தப் பூங்காவை வாங்கிற்று. 2007 செப்டம்பர் 16-இல் அவ்வாண்டுப் பருவம் முடிந்தது. செப்டம்பர் 21-இல், அதாவது ஐந்தே நாள்கள் கழித்து, இராட்டினங்கள் இனி ஓடமாட்டா என்ற அறிவிப்பு வந்தது. நீர்விளையாட்டுப் பகுதி மட்டும் 2016 வரை நடந்தது.

ஐந்து நாள்! அந்த ஞாயிற்றுக்கிழமை பிக் டிப்பரில் ஏறியவர்களுள் ஒருவருக்காவது, தாம் ஏறுவது கடைசித் தடவை என்று தெரிந்திருக்குமா?

நிறுவனத்தார் தரப்பில் சொல்லக்கூடியதையும் எண்ணிப்பார்க்கவேண்டும். முன்கூட்டிச் சொன்னால் வேலையாள்கள் பருவத்தின் நடுவிலேயே வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள். நினைவுப்பொருளுக்கு ஆசைப்பட்டுப் பலகைகளையும் விளக்குகளையும் கழற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நிலத்துக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது ஊரார் கிளர்ச்சி செய்தால் பேரம் முறியும். இவை கற்பனை அச்சங்கள் அல்ல. ஆனால் இவையெல்லாம் பணத்தைக் காப்பதற்கான காரணங்கள். ஆண்டுதோறும் வந்து அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களுக்கு ஒரு நாளை ஒதுக்கித் தருவதால் எந்த நிறுவனமும் ஏழையாகியிருக்காது என்பது நம் எண்ணம்.

மேலும், முன்கூட்டித் தெரிந்தால் விடைபெறுவதோடு நில்லாமல் சில வேளை காப்பாற்றவும் முடிகிறது. பென்சில்வேனியா மாநிலத்து அல்டூனா நகரில் 1902-இல் கட்டப்பட்ட 'லீப்-த-டிப்ஸ்' என்னும் சிறிய ரோலர் கோஸ்டர், 1985-இல் பழுதுற்று நின்றுவிட்டது. ஆர்வலர்கள் அதை இடிக்க விடவில்லை. நன்கொடை திரட்டினார்கள், அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக ஏற்கச் செய்தார்கள், பதினான்கு ஆண்டுகளுக்குப்பின், 1999-இல், அது மீண்டும் ஓடிற்று. பிக் டிப்பருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் புதர்களுக்கிடையே நின்று, 2016 அக்டோபரில் இடிக்கப்பட்டது.

முறையிட்டும் பயனில்லாமற் போன கதையும் ஒன்று உண்டு. புளோரிடாவில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தாரின் பூங்கா 1971 அக்டோபர் முதல் நாள் திறக்கப்பட்டபோதே அதில் இடம்பெற்றிருந்தது 'திருவாளர் தேரையின் கட்டுக்கடங்காச் சவாரி'. கென்னத் கிரஹாம் 1908-இல் எழுதிய சிறுவர் நாவலில் வரும் தேரையார், மோட்டார் வண்டிப் பித்துப் பிடித்தவர். அவருடைய வண்டியில் ஏறியவர்கள் கதவுகளை உடைத்துக்கொண்டு ஓடி, இரயில் வண்டியில் மோதி, இறுதியில் நரகத்துக்கே போய்ச் சேர்வார்கள்! நெருப்பும் குட்டிச்சாத்தான்களும் சூழ்ந்திருக்கும். நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் இதை எப்படி ஏற்பார்களோ தெரியாது. குழந்தைகள் மட்டும் கைகொட்டிச் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள்.

அதை எடுத்துவிட்டு வேறொரு காட்சி வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி 1997-இன் இறுதியில் கசிந்தது. உடனே ஆர்வலர்கள் திரண்டார்கள். பச்சைச் சட்டை அணிந்து, சீட்டு வாங்கிக்கொண்டே உள்ளே சென்று, கூச்சல் குழப்பமில்லாமல் கூட்டங்கூட்டமாக அந்தச் சவாரியில் ஏறித் தங்கள் மறுப்பைக் காட்டினார்கள். நிறுவனத்தார் மனம் மாறவில்லை. 1998 செப்டம்பர் 7-இல் சவாரி மூடப்பட்டது. மறு ஆண்டு அவ்விடத்தில் வின்னி-த-பூ என்னும் கரடிக்குட்டியின் சவாரி வந்தது. ஆனால் அதை அமைத்தவர்களுள் யாருக்கோ ஈரநெஞ்சம் இருந்திருக்கிறது. புதிய சவாரியின் உள்ளே ஒரு சுவரில், தேரையார் வீட்டுப் பத்திரத்தை அங்குள்ள ஆந்தையிடம் ஒப்படைப்பதுபோல் ஒரு படத்தை மாட்டிவைத்தார்கள். அதே பூங்காவின் பேய்மாளிகையை ஒட்டிய செல்லப்பிராணிகளின் கல்லறைத் தோட்டத்தில், தேரையாருக்கு ஒரு சிறு சிலையும் வைத்தார்கள். தெரிந்தவர்கள் பார்த்துப் புன்னகை செய்துகொள்வார்கள். தெரியாதவர்கள் கடந்து போவார்கள். தோற்றவர்களுக்கு இதுவும் ஓர் ஆறுதல்தான்.

வீடுகளிலும் நாம் பல வேளை ரிவர்வியூக்காரர்களைப்போலவே நடந்துகொள்கிறோம். பாட்டி வீட்டை விற்கிறோம்; கோடை விடுமுறைக்கு அங்கு வரும் பிள்ளைகளுக்குச் செய்தியைப் பின்னால் சொல்கிறோம். குடியிருந்த ஊரைவிட்டு மாற்றலாகிப் போகிறோம். பள்ளித் தோழர்களிடம் சொல்லிக்கொள்ளப் பிள்ளைக்கு ஒரு மாலைப் பொழுதுகூடக் கொடுப்பதில்லை. 'சொன்னால் அழுவான்' என்பது நாம் கூறும் காரணம். அழட்டுமே! அந்தக் கிணற்றடியையும் மாமரத்தையும் ஒருமுறை சுற்றிவந்து அழுவதற்கும், என்றோ ஒருநாள் பேச்சோடு பேச்சாக 'அந்த வீடு இப்போது நம்முடையதில்லை' என்று கேட்டுத் திகைப்பதற்கும் வேறுபாடு இல்லையா? முதியோர்களுக்கும் இதையே செய்கிறோம் என்பதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம்.

குடை இராட்டினங்களுக்கு மட்டும் ஒரு தனிப் பேறு இருக்கிறது. அவற்றைக் கழற்றிப் பூட்டலாம். ரிவர்வியூவின் பெரிய ரோலர் கோஸ்டர் இடிக்கப்பட்டது. ஆனால் 1908-இல் செய்யப்பட்ட அதன் குடை இராட்டினம் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா நகருக்கு அருகிலுள்ள பூங்காவுக்குச் சென்று, 1972 முதல் அங்கே சுழன்றது. ஜியாகா ஏரிக்கரையில் இருந்த 1926-ஆம் ஆண்டுக் குடை இராட்டினம், மார்க்கஸ் இல்லியன்ஸ் என்ற புகழ்பெற்ற சிற்பியின் பட்டறையில் உருவானது. அது 2011-இல் கான்ஸாஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் மீண்டும் திறக்கப்பட்டது. எல் டொராடோவையும், தோஷிமாயென் மூடப்பட்டபின், ஒவ்வொரு குதிரையாகக் கழற்றிக் கிடங்கில் வைத்தார்கள். கோனி ஐலண்டில் ஒருமுறை, தோக்கியோவில் ஒருமுறை என்று அந்தக் குதிரைகள் கிடங்குக்குப் போவது இது இரண்டாந்தடவை. முதன்முறை ஐந்து ஆண்டுகளில் ஒருவர் வந்து அவற்றை எடுத்துச் சென்றார்.