வேம்பின் நோயை இனங்காண்பது யார்?

தெலங்கானாவில் 2021ஆம் ஆண்டு வேப்பமரங்கள் நுனிக் கொப்பிலிருந்து கருகத் தொடங்கியபோது, தேயிலைக் கொசு என்னும் பூச்சியும் போமொப்சிஸ் என்னும் பங்கசும் காரணமென விவசாய விஞ்ஞானிகள் கூறினர். இவ்விரண்டின் பாதிப்பும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். நோயுற்ற கொப்பின் துண்டிலிருந்து பங்கசை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்தாலே ஐயம் நீங்கும்.

அயல்நாட்டுச் செய்தியென்று இதனை நாம் ஒதுக்கிவிட முடியாது. எமது கோயில் வீதியிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் வன்னிக் காட்டிலும் நிற்பது அதே வேம்புதான். மழைத்துளியால் மட்டுமன்றி விதையாலும் இப்பங்கசு பரவும். குடாநாட்டில் மரமொன்று கருகினால் வீட்டுக்காரர் முதலில் நாடுவது மருந்துக் கடையையே. விற்பவரே நோயையும் தீர்மானித்துவிடுகிறார். பூச்சிக்கொல்லி பங்கசைக் கொல்லாது. அவசரப்பட்டுத் தறிப்பதும் தவறு. கருகிய வேம்பு மீளத் துளிர்ப்பதுண்டு. ஆண்டுதோறும் நோய் திரும்பினாலோ மரம் மெல்லப் பட்டுப்போகும்.

இலங்கையின் கோப்பிச் செய்கையை அழித்த துருநோய்ப் பங்கசுக்கு 1869இலேயே பெயரிடப்பட்டது. அது பரவும் விதத்தை மார்ஷல் வார்ட் ஆராய்ந்து விளக்கியதோ 1880களின் தொடக்கத்தில். அதற்குள் தோட்டங்கள் பல கைமீறிப் போயிருந்தன.

வேம்பைப் பொறுத்தவரை பரவும் வழி முன்னரே தெரிந்துள்ளது. ஆகவே திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும் பொதுமக்கள் தரும் கொப்பு மாதிரிகளைப் பரிசோதித்து முடிவைப் பகிரங்கப்படுத்த முன்வரவேண்டும். இந்தியாவிலிருந்து வரும் வேப்பம் விதையும் கன்றும் துறைமுகத்திலேயே சோதிக்கப்பட வேண்டும்.