நிறம் குறைந்தவள் என்று யார் சொன்னது?

அண்மையில் எங்கள் அயல்வீட்டுக்கு ஒரு கலியாணத் தரகர் வந்திருந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பிள்ளை நல்ல பிள்ளை. படிப்பும் இருக்கிறது. நிறந்தான் கொஞ்சம் குறைவு. காணியோ நகையோ கொஞ்சம் கூட்டிப் பார்த்தால் பேசி முடிக்கலாம்."

பிள்ளையின் தாய் கேட்டா: "காணி கையில் இருந்தால் நாங்கள் ஏன் அண்ணை இப்படி இருக்கிறோம்?"

தரகரிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

2007 செப்டெம்பரில் நாம் முள்ளிக்குளத்தை விட்டு வெளியேறியபோது அந்தப் பிள்ளை தாயின் இடுப்பில் இருந்தவள். வளர்ந்த பிறகு, பாடசாலை விடுமுறை நாட்களில் தாயோடு அடுத்தவர் வயலில் களை பிடுங்கினாள். அருவி வெட்டுக்குப் போனாள். பிறந்த நிறம் பாதி, வெயில் தந்த நிறம் பாதி. வீட்டுக்குச் சோறு போட்ட அந்த வெயிலுக்கு இப்போது தரகர் அபராதம் கேட்கிறார். காணியை இழந்தவர்களிடம், நிறத்தைச் சொல்லி இன்னும் காணி கேட்கிறார்.

இந்த விலையை நிர்ணயித்தது யார்? தரகர் மட்டுமல்ல. நம் வீடுகளில் மாலையானதும் ஒளிரும் சினிமாவுக்கும் இதில் பெரிய பங்குண்டு.

நாம் இடம்பெயர்ந்த அதே 2007ஆம் ஆண்டில் 'சிவாஜி' படம் வெளிவந்தது. நாமும் பார்த்தோம், சிரித்தோம். அதில் முகம் கறுப்பாக்கப்பட்ட இரண்டு பெண்கள் வருவார்கள். அவர்களைக் கண்டு நாயகன் மிரள்வதே நகைச்சுவை. அவர்களுக்கு வைத்த பெயர்கள் அங்கவை, சங்கவை. யார் இந்த அங்கவையும் சங்கவையும்? தமிழ் மரபு சொல்லும் பாரி வள்ளலின் மக்கள். மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டார்கள், பாரி மாண்டான், பிள்ளைகள் தந்தையையும் நாட்டையும் இழந்தார்கள். அவர்களுக்கு மணமகன் தேடி, தந்தையின் நண்பரான கபிலர் ஊர் ஊராக அலைந்தார். மன்னர்கள் மறுத்தார்கள். மண் இழந்த பெண்களுக்கு வரன் தேடும் துயரத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? அந்தப் பெயர்களை வைத்தே நம்மைச் சிரிக்க வைத்தார்கள். நாமும் சிரித்தோம் என்பதுதான் வெட்கம்.

அதே படத்தில் நாயகன் வெள்ளையாவதற்குப் படாத பாடு படுகிறான். ஒரு பாட்டில் ரஜினிகாந்தையே கணினியின் உதவியால் வெள்ளைக்காரர் நிறத்துக்கு மாற்றினார்கள். ஆனால் ரஜினிகாந்த், விஜயகாந்த், தனுஷ், விஜய் சேதுபதி என்று கறுத்த ஆண்கள் நாயகர்களாகக் கொண்டாடப்படுகிறார்கள். அவர்களுக்குச் சோடியாக வருபவர்களோ பெரும்பாலும் வெள்ளைத் தோல் உடையவர்கள். ஆணின் கறுப்பு வீரம். பெண்ணின் கறுப்பு குறை. இது என்ன நியாயம்?

சரிதாவை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1981இல் வந்த 'தண்ணீர் தண்ணீர்' படத்தில், குடிநீருக்காக ஏங்கும் கிராமத்துப் பெண்ணாக வாழ்ந்து காட்டியவர் அந்தக் கறுத்த நடிகை. பின்னாளில் அவர் நக்மா, தபு போன்ற நடிகைகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். கறுத்த பெண்ணின் குரல் வேண்டும், முகம் வேண்டாம்!

சில வேளைகளில் கறுத்த பெண்ணுக்கும் இடம் கிடைக்கிறது. 2002இல் வந்த 'அழகி'யில் நந்திதா தாஸ் ஏழைப் பெண். அதே ஆண்டு 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் நம்மைப் போல் அகதியாகிப்போன ஈழத்துத் தாய். நல்ல படங்கள்தாம். ஆனால் வறுமையும் கண்ணீரும் உள்ள இடத்தில் மட்டுந்தானா கறுப்புக்கு இடம்? அந்த இடத்தைக்கூட எல்லா நேரமும் கொடுப்பதில்லை. 'பரதேசி' (2013), 'ஜெய் பீம்' (2021) ஆகிய படங்களில் நிறங்கூடிய நடிகைகளுக்குக் கறுப்புப் பூசித்தான் உழைக்கும் பெண்களாகக் காட்டினார்கள்.

இது தமிழருக்கு மட்டும் உரிய நோயல்ல. அமெரிக்காவில் ஹாட்டி மக்டானியல் என்ற கறுப்பினப் பெண் 1940இல் ஒஸ்கார் விருது பெற்றார். அவர் நடித்தது வேலைக்காரியாக. விருது விழாவிலும் அவரைப் புறம்பான மேசையிலேயே இருத்தினார்கள். 2014இல் அதே விருதைப் பெற்ற லுப்பிற்றா நியோங்கோ அடிமைப் பெண்ணாக நடித்திருந்தார். சிறுவயதில் தன் தோல் வெளுக்கவேண்டும் என்று கடவுளிடம் மன்றாடியதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதே மன்றாட்டைச் சத்தமின்றிச் சொல்கிறார்களோ!

அந்த மன்றாட்டைக் காசாக்குபவர்களும் உண்டு. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' கிறீம், 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. பெயர் மாறியதே ஒழிய ஆசை மாறவில்லை. வெளுக்க வைக்கும் சில கிறீம்களில் பாதரசம் கலந்திருக்கும்; அது தோலின் வழியே உடம்பில் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாட்கூலியில் மிச்சம் பிடித்து நஞ்சை வாங்குவதா?

"சினிமா பொழுதுபோக்குத்தானே, சனம் விரும்புவதைத்தான் காட்டுகிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் 2018இல் 'கனா' வந்தபோது அதைச் சனம் ஏன் விரும்பியது? கடனில் தத்தளிக்கும் கமக்காரனின் மகளாக ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்தார். நிறத்துக்காகத் தம்மை ஒதுக்கியதைப் பற்றி மேடையில் பேசியவர் அவர். அவரை யாரும் வெளுப்பாக்கவில்லை; படமும் தோற்கவில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் சினிமாவின்மேல் போட்டுவிட்டு நாம் தப்பமுடியாது. குழந்தை பிறந்தவுடன் "யாருடைய நிறம்?" என்று முதலில் கேட்பவர்கள் நாம். "கறுப்பி" என்று பட்டப்பெயர் வைப்பவர்களும் நாம். "கறுப்பே அழகு" என்று பழமொழி சொல்லிவிட்டு, மகனுக்குப் பெண் தேடும்போது "வெள்ளைப் பிள்ளையா?" என்று விசாரிப்பவர்களும் நாமே.

எனவே சிறு காரியங்களில் தொடங்குவோம். நிறத்தைச் சொல்லிச் சீதனம் கூட்டும் தரகரை வாசலோடு அனுப்புவோம். மகனைப் பெற்றவர்கள் முதலில் இதைச் செய்யட்டும். பிள்ளைகளோடு படம் பார்க்கும்போது, "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று ஒரு தடவையாவது கேட்போம்.

2017இல் நம் பெண்கள் காணியைக் கேட்டு ஒரு மாதத்துக்கும் மேலாக வெயிலில் வீதியோரம் இருந்தார்கள். அங்கே யாரும் அவர்களின் நிறத்தைப் பார்க்கவில்லை. அவர்களின் உறுதியைத்தான் பார்த்தார்கள். அந்தத் தாய்மாரின் மகள்மாரை நிறை பார்க்கும்போது மட்டும் ஏன் வேறு தராசை எடுக்கிறோம்?

அயல்வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் கலியாணம் பேசி முடியவில்லை. அவள் குறைந்தவள் அல்ல. குறை நம் கண்ணில் இருக்கிறது.