கேட்டுக்கு வெளியே தள்ளினால் கணக்குத் தீராது!

"நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம்." இந்த ஒரு வார்த்தையோடு கணக்குத் தீர்ந்தது என்று திண்டுக்கல் வட்டார மில் முதலாளிகள் பலர் நினைக்கிறார்கள். தீராது, தோழர்களே!

ஒரு வருஷம் வேலை பார்த்தவரை ஆட்குறைப்புச் செய்வதானால், காரணம் காட்டி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம் தரவேண்டும். சர்வீஸ் வருஷம் ஒன்றுக்கு 15 நாள் சம்பளம் நஷ்டஈடும் தரவேண்டும். 1953-ல் சட்டமான இந்தக் கடமை, 2025 நவம்பரில் அமலான தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் நீடிக்கிறது. வெளியேற்றும்போதே நஷ்டஈடு கொடுக்காவிட்டால் ஆட்குறைப்பே செல்லாது என்று 1960-ல், பம்பாய் ஆஸ்பத்திரி ஊழியர் வழக்கில், சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

இதிலிருந்து தப்பத்தான் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். தானாக விலகியவருக்கு இந்த நஷ்டஈடு கிடையாதல்லவா! விவசாயத் தொழிலாளத் தோழர்களே, ஹாஸ்டலில் தங்கி மில்லில் உழைக்கும் உங்கள் பெண்களுக்கும் சொல்லிவைப்போம்: வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், சங்கத்துக்கு வாருங்கள்!