வாங்கிட்டாப் போச்சாம்!

போன ஞாயிற்றுக்கிழமை தாராவியில் எங்கள் சால் குடியிருப்பில் கீழ்வீட்டுத் தம்பி வாசலில் உட்கார்ந்து ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளுக்குப் பள்ளியில் புராஜெக்ட்டாம். தலைப்பு 'நமக்கு உதவுபவர்கள்'. வகுப்பில் ஒருத்திக்குத் தபால்காரர், ஒருத்திக்கு டாக்டர், இந்தப் பிள்ளைக்குக் குயவர். பெட்டிக்குள்ளிருந்து பேட்டரியில் சுற்றுகிற பிளாஸ்டிக் சக்கரம் வந்தது. அப்புறம் ஒரு தூரிகை, ஆறு வண்ணக் குப்பிகள், உறையில் அடைத்த வெள்ளைக் களிமண். இட்லி மாவு மாதிரி அவ்வளவு வெள்ளை. விலை 749 ரூபாய்.

எங்கள் சாலிலிருந்து கும்பார்வாடா ஆறு நிமிஷ நடை. நடுவில் நின்று ஒரு கட்டிங் டீ குடித்தால் பத்து. 1930களிலிருந்து சௌராஷ்டிரத்துக் குயவர்கள் குடியிருந்து சக்கரம் சுற்றுகிற இடம். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே அங்கே கால் வைக்க இடமிருக்காது, தெருவெல்லாம் அகல் காயும். சூளையில் பஞ்சு வேஸ்ட்டைப் போட்டு எரிப்பார்கள், அந்தப் புகை எங்கள் கொடியில் காயும் துணியிலெல்லாம் ஏறும். புகையை ஓசியில் வாங்கிக்கொண்டு, மண்ணை மட்டும் பிவண்டி குடோனிலிருந்து காசு கொடுத்து வரவழைத்திருக்கிறார் எங்கள் தம்பி!

"ஏன் தம்பி, பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் சக்கரத்தைக் காட்டியிருக்கலாமே? ஒரு உருண்டை மண்ணு கேட்டா சும்மாவே குடுப்பாங்க" என்றேன்.

"ஜானே தோ அண்ணே. வாங்கிட்டாப் போச்சு. இதையெல்லாம் உக்காந்து செய்ய யாருக்கு டைம் இருக்கு?"

சொல்லிவிட்டு, பொழுது சாயும்வரை அதே படியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கேக் வெட்டுவதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த 'வாங்கிட்டாப் போச்சு' இப்போது நம் ஜனங்களுக்கு வேதவாக்கு. கணபதிக்கு மகர் மண்டபம் ரெடிமேட், கொலுப்படி ரெடிமேட், ஆரத்தித் தட்டு வாடகைக்கு, பிள்ளை படித்துச் செய்யவேண்டிய எரிமலையும் சூரியக் குடும்பமும் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் தொங்குகின்றன. பிள்ளை அதன்மேல் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். அந்தப் பெயரையும் சில வீடுகளில் அம்மாதான் எழுதுகிறாள்.

என் வீட்டில் ஒரு ஒயர் கூடை இருக்கிறது. 1996 கோடையில் அம்மா பின்னியது. கிளிப்பச்சையும் வெள்ளையும். சிவன் கண், நெல்லிக்காய் என்றெல்லாம் பின்ன அவளுக்குப் பொறுமை கிடையாது, சாதா முடிச்சுதான். ஒயரை முழம் போட்டு வெட்டி, பாதியாக மடித்து, ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்து முடிவாள். அடிப்பாகம் முடிய ஒரு நாள். பிறகு ரன்னிங் ஒயர் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். நாங்கள் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து வரிசை எண்ணவேண்டும், எண்ணிக்கை தப்பினால் தலையில் குட்டு. எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு ஒழுங்காக வந்ததே அந்தக் கூடையால்தான் என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கைப்பிடி கட்டும் நேரத்தில் பச்சை ஒயர் தீர்ந்துவிட்டது. "அண்ணாச்சி கடையில இதே பச்சையில அரை ரோல் வாங்கிட்டு வா. கையில நுனியைக் கொண்டு போ. இல்லேன்னா வேற பச்சையைத் தலையில கட்டிருவாரு" என்று அனுப்பினாள்.

அந்தக் கூடைக்கு இப்போது முப்பது வயது நெருங்குகிறது. நாகர்கோவில் வண்டியில் எத்தனையோ முறை ஊருக்குப் போய்வந்திருக்கிறது. போகும்போது சாப்பாட்டுத் தூக்கு, வரும்போது பனங்கிழங்கு. 2018 ஜூன் 23ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் பிளாஸ்டிக் பைத் தடை அமலுக்கு வந்தது. முதல் தடவை பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம். அன்று மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காயையும் சேனையையும் மார்போடு அணைத்துக்கொண்டு கனவான்கள் நின்ற காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை. என் கையில் ஒயர் கூடை. ஒரு மாமி கூப்பிட்டு, "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். "கிடைக்காது மாமி, பின்னணும்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். வாங்க முடியாத பொருள் ஒன்று பூமியில் இருக்கிறது என்பதே அவருக்குப் புதுச் செய்தி.

அந்த வருஷமே தெர்மாக்கோல் அலங்காரத்துக்கும் தடை வந்தது. கணபதிக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று வியாபாரிகள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள், நீதிமன்றம் மறுத்துவிட்டது. வாங்கிட்டாப் போச்சு கோஷ்டி திகைத்து நின்றது. அண்ணாச்சி கடையிலிருந்து கிரேப் பேப்பரும் அட்டையும் வாங்கி மகர் செய்தவர்கள் வீட்டில் கணபதி குறையில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அண்ணாச்சி கடையைச் சொல்லவேண்டும். 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு கல்லியில் எட்டுக்குப் பத்து அறை. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வைத்தது, இப்போது மகன். மகனுக்கும் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் கடைக்குப் பெயர் 'அண்ணாச்சி மகன் கடை'தான். ஜிகினாத் தாள், கிளேஸ் பேப்பர், பாசிமணி, சமிக்கி, குந்தன் கல், பட்டு நூல், உல்லன் நூல், சாட்டின் ரிப்பன், ஒயர் ரோல், எல்லாம் உத்தரத்திலிருந்து தொங்கும். நடுவில் அண்ணாச்சி கொலுப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார். வாரம் ஒருமுறை சயானில் லோக்கல் ஏறி மஸ்ஜித் பந்தர் இறங்கி, கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் தெருவில் சரக்கெடுத்து, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்.

அந்தக் கடையில் ஒரு தாள் கேட்டால் ஒரு தாள் கிடைக்கும். இரண்டு ரூபாய்க்குச் சமிக்கி கேட்டால் பழைய கல்யாணப் பத்திரிகையைக் கிழித்துப் பொட்டலம் கட்டித் தருவார். போன மாதம் ஒரு பையன் பட்டம் ஒட்ட ஃபெவிகால் கேட்டான். "எதுக்குல அது? ஆத்தாகிட்ட சொல்லி மைதாவைக் காய்ச்சு, போ" என்று அனுப்பிவிட்டார். தன் சரக்கை வாங்காதே என்று சொல்லும் கடைக்காரரை நீங்கள் எந்த ஆப்பில் பார்த்திருக்கிறீர்கள்? ஆப்பில் கிளேஸ் பேப்பர் தேடினேன். நூறு தாள் கொண்ட கட்டு. என் பிள்ளைக்கு வேண்டியது ஒரு மஞ்சள் தாள், சூரியன் வெட்ட. மிச்சம் தொண்ணூற்றொன்பதில் வேறு பால்வெளியா செய்வது? கிளிப்பச்சை ஒயரில் அரை ரோல் வேண்டும், நுனி என் கையில் இருக்கிறது, பொருத்திப் பார்த்துக் கொடு என்றால் அந்த ஆப் என்ன செய்யும்? அம்மாவின் கூடைக்குக் கைப்பிடி இருந்திருக்காது. கைப்பிடி இல்லாத கூடையைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்கா போகவா முடியும்?

பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே வருமாம். தாராவியில் எந்த வீட்டுக்கு வந்தது? டெலிவரிப் பையன் 90 அடி ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, "அங்கிள், கல்லி புரியலை, வெளியே வாங்க" என்று போன் பண்ணுகிறான். அவனைக் குற்றம் சொல்லமாட்டேன், அவனும் நம் வீட்டுப் பிள்ளைதான், வெயிலில் கிடந்து சாகிறான். நாம் செருப்பை மாட்டிக்கொண்டு, கல்லி கல்லியாகத் தாண்டி, அண்ணாச்சி கடை வாசலைக் கடந்து மெயின் ரோட்டுக்குப் போய்ப் பார்சலை வாங்கி, மறுபடி அதே கடையைக் கடந்து திரும்பி வருகிறோம். இதற்குப் பெயர் ஹோம் டெலிவரி!

அடுத்த பாட்டு, படிப்புக் கெடுமாம். வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் மார்க் வராதாம். இதில் நம்மாட்களுக்கு ஒரு பழைய காயம் உண்டு, எனக்குத் தெரியும். 1953இல் ராஜாஜி, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று சொல்லி ஊரே எதிர்த்தது. அடுத்த வருஷம் அவர் பதவியை விட்டுப் போனார், காமராசர் அந்தத் திட்டத்தைத் தூக்கி எறிந்தார். எறிய வேண்டியதுதான், நானும் அந்தக் கட்சிதான். தாராவிக்குத் தோல் பதனிட வந்த தாத்தாவின் பேரன் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கக் கூடாது. அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டாதே என்றார் பெரியார். பிள்ளை கையில் கத்திரிக்கோல் கொடுக்காதே என்று எங்கே சொன்னார்?

அரவிந்த் குப்தாவைத் தெரியுமா? கான்பூர் ஐஐடியில் படித்த இன்ஜினீயர். ஐஐடி என்றதும் இப்போது காது நீண்டிருக்குமே! டெல்கோவில் வேலையிலிருந்தபோது லீவு போட்டுவிட்டு 1978இல் ஹோஷங்காபாத் கிராமத்துப் பள்ளிகளுக்குப் போனவர். சைக்கிள் வால்வு ட்யூபைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் தீக்குச்சியைச் செருகிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். செய்து பாருங்கள். மூன்று குச்சி சேர்த்து முக்கோணம் செய்தால் அமுக்கினாலும் அசையாது. நாலு குச்சியில் சதுரம் செய்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து ஆடும். பாலத்துக்கு ஏன் முக்கோணம் முக்கோணமாக இரும்பு வைக்கிறார்கள் என்று பிள்ளை தானே கேட்கும். பிறகு புனேயில் ஆயுகா வானியல் மையத்தில் பல வருஷம் குப்பையிலிருந்து பொம்மை செய்தார். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வால்வு ட்யூப் அண்ணாச்சி கடைக்கு எதிரே சைக்கிள் கடையில் கிடைக்கும். ஆனால் நமக்குத்தான் 749 ரூபாய்ப் பெட்டி வேண்டுமே. 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆறாவதிலிருந்து எட்டாவது வரை பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் போய்ப் பிள்ளைகள் கற்கட்டும் என்கிறது. பொறுத்திருங்கள், அந்தப் பத்து நாளுக்கும் பெட்டி வரும். தச்சர் செட், 999 ரூபாய்.

இதே ஆட்கள் மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் போனால் 'ஹேண்ட்மேட்' என்று சீட்டுக் கட்டிய கோணல் கிண்ணத்தைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். கையால் செய்தது தாராவியில் இருந்தால் டைம்வேஸ்ட், ஆற்றைத் தாண்டினால் கலை. 2016இல் ஆம்ஸ்டர்டாமில் வேலை செய்யும் இரண்டு பேர் வந்து, 'டிசைன் மியூசியம் தாராவி' என்று ஒரு தள்ளுவண்டி மியூசியம் வைத்து, நம் பானையையும் துடைப்பத்தையும் நமக்கே காட்டிவிட்டுப் போனார்கள். நாமும் செல்ஃபி எடுத்துக்கொண்டோம். சினிமாக்காரர்களுக்குத் தாராவிமேல் இருக்கும் மரியாதைகூட நமக்கு இல்லை. 'நாயகன்' படத்துக்காகத் தோட்டா தரணி சென்னையில் தாராவியையே செட்டாகப் போட்டு, அதற்குத் தேசிய விருது வாங்கினார். தாராவியைச் செய்தவருக்கு விருது, தாராவியில் செய்பவருக்கு 'யாருக்கு டைம் இருக்கு'.

இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கடை இருக்கும் என்பது வேறு கதை. தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு 2022இல் 5,069 கோடிக்கு ஏலம் முடிந்து, கல்லி கல்லியாக அளந்து எண் எழுதிவிட்டார்கள். 2000 ஜனவரி 1க்கு முந்தைய தரைத்தளம் என்றால் 350 சதுர அடி வீடு. மேல்மாடியில் இருப்பவன் தாராவிக்கு வெளியே போகவேண்டும். குயவர் சூளையை எத்தனையாவது மாடியில் வைப்பார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அண்ணாச்சி கடையிலிருந்து சமிக்கி வாங்கித் துணியில் தைத்துக் கூலி பார்க்கிற மேல்மாடிப் பெண்கள் எந்த ஊரில் போய் இரண்டு ரூபாய்ப் பொட்டலம் கேட்பார்கள்? மீட்டிங்குகளில் நாமெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறோம், தாராவியின் தொழிலைக் காப்பாற்று என்று. கத்திவிட்டு வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறக்கிறோம். இடிக்க வருகிறவனுக்கு நாம் செய்கிற உதவி அது.

அந்தக் கீழ்வீட்டுப் பிள்ளையை நான் புதன்கிழமை கும்பார்வாடாவுக்குக் கூட்டிப் போனேன். ஒரு பெரியம்மா குஜராத்தியில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே கையில் ஒரு உருண்டை மண் வைத்தார். பிள்ளை முதலில் முகர்ந்து பார்த்தது. "அங்கிள், பெட்டி மண்ணுல இந்த வாசனையே இல்ல" என்றது. அது செய்த அகல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது. அவள் அப்பா பார்த்துவிட்டு, "இதைவிட வாங்கினதே நல்லா இருக்கு" என்றார். நான் பதில் சொல்லவில்லை, ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு மாட்டுங்கா கிளம்பிவிட்டேன்.

கூடையின் கைப்பிடி இப்போது ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. கிளிப்பச்சையில் இன்னும் இரண்டு ரோல்தான் இருக்கிறது என்கிறார் அண்ணாச்சி, எனக்கு அரை ரோல் போதும். மிச்சம் உங்களுக்கு. கடை காலை பத்திலிருந்து ராத்திரி பத்தரை வரை, மதியம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் சாத்துவார். சில்லறை கொண்டு போங்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டி ஒரு தாள் கேட்டால் திட்டுவார்.